தோட்டத்துச் சாளையில தனியா இருக்கற அப்பா அம்மாவுக்கு ஒன்றரை லட்சத்துல செக்யூரிட்டி சிஸ்டம் தேவையா? – வக்கீல் பதில்

பெங்களூருல ஐடி கம்பெனியில வேலை பாக்கற வாசகி ஒருத்தர் நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன்.

அப்பாவுக்கு 74 வயசு, அம்மாவுக்கு 68. ஈரோடு மாவட்டத்துல மெயின் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ள தள்ளி தோட்டத்துச் சாளையில, அதாவது தோட்டத்துக்குள்ளயே இருக்கற வீட்டுல, ரெண்டு பேர் மட்டும் இருக்காங்க. தென்னந்தோப்பு, கொஞ்சம் மஞ்சள், ரெண்டு எருமை. அண்ணன் துபாய்ல. பக்கத்துல இருக்கற ஒரே வீடு பெரியப்பா வீடு, அவரோட வண்டித்தடத் தகராறு கோர்ட்டுல நடக்குது, நாலு வருஷமா பேச்சே இல்ல. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கத்துல சேமலைக்கவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்டுல ஒரே குடும்பத்துல மூணு பேரைக் கொன்னாங்க, 2025 மே மாசத் தொடக்கத்துல சிவகிரி பக்கத்துல தனியா இருந்த வயசான தம்பதியைக் கொன்னுட்டாங்கன்னு தெரிய வந்துச்சு, அதுல இருந்து இவங்களுக்குத் தூக்கமே இல்ல. ஒரு கம்பெனிக்காரர் வந்து எட்டு கேமரா, ரெக்கார்டர், சைரன், கதவு சென்சார் எல்லாம் சேத்து 84,000 ரூபா, அது போக மாசம் 1,400 வீதம் 36 மாசம் கண்காணிப்புக் கட்டணம், வரி தனின்னு கொட்டேஷன் குடுத்திருக்கார். போலீஸ் ஸ்டேஷனோட நேரடி இணைப்பு இருக்கு, திருட்டு போனா இன்சூரன்ஸ் முழுசா கிடைக்கும், கோர்ட்டுல இந்த வீடியோ ஒண்ணே போதும்னு சொல்லியிருக்கார். வீட்டுக்காரர் காசு தண்டம்ங்கறார். அப்பாவோ "கேமரா எல்லாம் வேண்டாம், வேலியில கரண்ட் விட்டா எவன் வருவான்"னு சொல்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி, விழுந்துட்டா தெரியணும்னு படுக்கற ரூம்லயும் ஒரு கேமரா வெச்சிரலாமான்னு இவங்களுக்கு யோசனை. "காசு குடுக்கறதுக்கு நான் தயாருங்க சார், ஆனா குடுத்தா நிம்மதி கிடைக்குமா"ன்னு முடிச்சிருக்காங்க.

அம்மிணி, உங்க பயம் வீண் பயம் இல்ல. அந்த ரெண்டு சம்பவத்துக்கு அப்பறம் இந்தப் பக்கம் தோட்டத்து வீடு வெச்சிருக்கற ஒவ்வொரு குடும்பத்துலயும் இதே பேச்சுதான், என் ஆபீசுக்கு வேற கேஸ் விஷயமா வர்றவங்ககூட எந்திரிச்சுப் போறப்ப இதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போறாங்க. அதனால செலவு பண்ணலாமா வேண்டாமான்னு ஒத்தை வார்த்தையில சொல்லாம, எதுக்குக் குடுத்தா பிரயோஜனம், எதுக்குக் குடுத்தா போச்சுன்னு பிரிச்சே சொல்றேன்.

மொதல்ல கணக்கைப் பாத்துருவோம். 84,000, அதோட 1,400 பெருக்கல் 36, அது 50,400. ஆக 1,34,400. 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டா 1,58,592 ரூபா. கம்பெனிக்காரர் "எண்பத்திநாலாயிரம்தான்"னு பேச ஆரம்பிச்சது இங்க வந்து நிக்குது. இந்தப் பணத்துல உங்க அப்பா அம்மா உசுருக்கு எவ்வளவு பாதுகாப்பு வருதுன்னுதான் நாம பாக்கணும், எத்தனை கேமரா வருதுன்னு பாக்கக் கூடாது.

அலாரம் அடிச்சா யாரு வருவாங்க?

எல்லாத்துக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இதுதான். நீங்க அனுப்பின ஒப்பந்தத்தை முழுசா படிச்சேன். அதுல "கண்காணிப்பு"ங்கறதுக்கு என்ன அர்த்தம் போட்டிருக்காங்கன்னா, சென்சார் சிக்னல் வந்தா அவங்க கால் சென்டர்ல இருந்து நீங்க குடுத்த மூணு நம்பருக்கு போன் பண்ணுவாங்க, அவ்வளவுதான். அந்த மூணு நம்பர்ல ஒண்ணு உங்களோடது, ஒண்ணு அண்ணனோடது, ஒண்ணு உங்க அப்பாவோடது. ராத்திரி ரெண்டு மணிக்கு பெங்களூருலயும் துபாய்லயும் போன் அடிக்கும். போலீஸ் ஸ்டேஷனோட நேரடி இணைப்புன்னு அவர் வாயில சொன்னது ஒப்பந்தத்துல ஒரு வரிகூட இல்ல. எந்த ஸ்டேஷன், எந்த நம்பர், யார் அனுமதி குடுத்ததுன்னு எழுதிக் கேளுங்க, பதில் வராது. அவங்க ஆளே நேர்ல வருவாங்கன்னு சொன்னா அது செக்யூரிட்டி கார்டு வேலை, அதுக்கு 2005-ம் வருஷ தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், அந்த லைசென்ஸ் நகலைக் காட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. நீங்க பெங்களூருல உக்காந்துட்டு செல்போன்ல கேமராவைப் பாத்து பதறிப்போய் அவசர உதவி நம்பர் 112-க்கு அடிச்சீங்கன்னா அது கர்நாடகா கன்ட்ரோல் ரூமுக்குத்தான் போகும். நீங்க எங்க இருந்து கூப்பிடறீங்களோ அந்த மாநிலத்துக்குப் போற மாதிரிதான் அந்த ஏற்பாடே. அவங்களுக்கு உங்க தோட்டம் எங்க இருக்குன்னு விளக்கி, அவங்க தமிழ்நாட்டுக்கு தகவல் சொல்லி, அதுக்குள்ள நேரம் ஓடிரும். கம்பெனியோட கால் சென்டர் வேற மாநிலத்துல இருந்தா அவங்களுக்கும் இதே நிலைமைதான். அதனால இன்னைக்கே உங்க சரக ஸ்டேஷனோட லேண்ட்லைன் நம்பரை எஸ்டிடி கோடோட, மாவட்டப் போலீஸ் கன்ட்ரோல் ரூம் நம்பரை, உங்க பகுதிக்கு ரோந்து வர்ற பீட் போலீஸ்காரரோட செல் நம்பரை எல்லாம் உங்க போன்லயும் அண்ணன் போன்லயும் போட்டு வைங்க. வெளிநாட்டுல இருந்து கூப்பிடறதுக்கு அண்ணன் +91 போட்டே சேவ் பண்ணணும். இதுக்கு ஒத்தப் பைசா செலவு இல்ல.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அப்பாவையும் கூட்டிட்டு ஸ்டேஷனுக்கே நேர்ல போங்க. தனியா இருக்கற முதியவங்க வீடுன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, லொகேஷனை மேப்ல குறிச்சுக் குடுங்க, ரோந்து வர்றவங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போற புத்தகத்தை உங்க வீட்டுல வைக்க முடியுமான்னு கேளுங்க. அந்தக் கொலைகளுக்கு அப்பறம் மேற்கு மண்டலத்துல தோட்டத்து வீடுகளுக்குன்னு ரோந்தை அதிகப்படுத்தினாங்க, கேட்டா செஞ்சு குடுப்பாங்க. மனு நகல்ல ரசீது வாங்கிக்கங்க. தமிழ்நாடு போலீசோட காவல் உதவி ஆப் 2022-ல வந்தது, அதுல அவசர பட்டன் இருக்கு, அதை அம்மா போன்ல போட்டு எப்படி அமுக்கறதுன்னு பழக்கி விடுங்க.

பெரியப்பா விஷயம்

இதை நீங்க கடிதத்துல ஒரு வரியில தாண்டிட்டுப் போயிட்டீங்க, ஆனா எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. சைரன் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல டார்ச்சோட வந்து நிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். "அவர்கிட்டப் போய் பேசினா நம்ம கேஸ் வீக் ஆயிரும்"னு அப்பா நினைக்கறதா எழுதியிருக்கீங்க. அது தப்பான நினைப்புங்க. வண்டித்தடம் யாருக்குப் பாத்தியம்ங்கறது பத்திரம், எஃப்எம்பிங்கற நில அளவை வரைபடம், எத்தனை வருஷ அனுபோகம்ங்கறதை வெச்சு முடிவாகற சிவில் விஷயம். ராத்திரி சத்தம் கேட்டா ஒருத்தருக்கொருத்தர் குரல் குடுத்துக்கலாம்னு பேசிக்கறதால அதுல ஒரு புள்ளிகூட மாறாது. வேணும்னா உங்க வக்கீல்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அவங்களும் ரெண்டு வயசானவங்கதான், அவங்க சாளையும் அதே இருட்டுலதான் இருக்கு, அவங்க பிள்ளைங்களும் எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்து இதே பயத்தைப் பட்டுட்டுத்தான் இருப்பாங்க. அப்பா பேச மாட்டார்னா நீங்க பெரியம்மாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. பொம்பளைங்க பேசிக்கிட்டா இந்த மாதிரி விஷயம் சீக்கிரம் கூடி வரும், நான் நிறையப் பாத்திருக்கேன். தகராறையே முடிச்சுக்கலாம்னு ரெண்டு பக்கமும் மனசு வந்தா தாலுகா சட்டப்பணிகள் குழுவுல சமரசத்துக்குப் போடலாம், லோக் அதாலத்துல முடிஞ்சா கட்டின கோர்ட் ஃபீசும் திரும்பக் கிடைக்கும்.

கேமரா வெச்சா அது பெரியப்பா வாசலையோ அவங்க குளிக்கற இடத்தையோ பாக்கற மாதிரி திருப்பாதீங்க. உங்க வாசல், உங்க களம், உங்க கேட்டு, அதோட நிறுத்துங்க. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2017-ல ஒன்பது நீதிபதிகள் அமர்வுல சொல்லிருச்சு. 2025-ல கல்கத்தா உயர் நீதிமன்றத்துல அண்ணன் தம்பி சேந்து இருக்கற வீட்டுல ஒருத்தர் இன்னொருத்தர் சம்மதம் இல்லாம அவர் குடியிருக்கற பகுதியில வெச்ச கேமராவை நிறுத்தச் சொல்லி உத்தரவு ஆச்சு, மேல்முறையீட்டுல உச்ச நீதிமன்றமும் அதுல தலையிடல. உங்களுது அதே நிலைமை இல்ல, வீடு வேற வேற. ஆனா ஏற்கனவே கேஸ் நடக்கற இடத்துல இன்னொரு கேஸுக்கு நாமளே வழி பண்ணக் கூடாது. பெரும்பாலான ரெக்கார்டர்ல படத்துல ஒரு மூலையைக் கறுப்பா மறைக்கற வசதி இருக்கு, வண்டித்தடம் பக்கம் வேற வழியே இல்லாம வந்தா அதைப் போடச் சொல்லுங்க.

கதவு ராத்திரி எதுக்கெல்லாம் திறக்குது?

நீங்க எழுதினதுலயே ரெண்டு விஷயம் இருக்கு. அம்மா பாத்ரூம் போக கொல்லைப்பக்கம் வெளிய போறாங்க. அப்பா த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தா மோட்டார் போட ராத்திரி ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் டார்ச் எடுத்துட்டு கிணத்துக்குப் போறார். நல்லா யோசிச்சுப் பாருங்க, இருட்டுல ஒளிஞ்சு நிக்கறவனுக்கு பூட்டை உடைக்க வேண்டிய வேலையே இல்ல, அப்பா கதவைத் திறக்கற வரைக்கும் காத்திருந்தா போதும். எட்டு கேமராவும் அதை அழகா படம் பிடிச்சு வெச்சிருக்கும்.

அதனால மொதல் செலவு இங்க பண்ணுங்க. வீட்டுக்குள்ளயே படுக்கற ரூமை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டுங்க, அம்மா முழங்காலுக்கும் அதுதான் நல்லது. மோட்டாருக்கு செல்போன்ல இருந்தே போடற ஸ்டார்ட்டர் மாட்டுங்க. சிம் கார்டு போட்ட அந்தப் பொட்டி சில ஆயிரம் ரூபாயில கிடைக்குது, மிஸ்டு கால் குடுத்தாலே மோட்டார் ஓடும், கரண்ட் வந்தா அதுவே தகவல் சொல்லும். வாசலுக்கு முன்னாடி இரும்பு கிரில் கதவு, உள்ள இருந்து பூட்டற மாதிரி, மரக்கதவைத் திறந்தாலும் கிரில் பூட்டியே இருக்கற மாதிரி. நாலு மூலையிலயும் ஆள் நடமாட்டம் பட்டா எரியற சென்சார் லைட்டு, அதுல குறைஞ்சது ரெண்டு சோலார்ல இருக்கட்டும், கரண்டை வெட்டிட்டு வந்தாலும் எரியும். சுவரை ஒட்டி வளந்திருக்கற செடி, விறகுக் குவியல், ஏணி, கடப்பாரை, அரிவாள் எல்லாத்தையும் எடுத்து உள்ள வைங்க. திருட வர்றவன் பல சமயம் நம்ம வீட்டுக் கடப்பாரையை எடுத்துத்தான் நம்ம கதவையே நெம்பறான். வளக்கற நாய் காரணமே இல்லாம திடீர்னு செத்துப்போச்சுன்னா அதை சாதாரணமா விடாதீங்க, அன்னைக்கே ஸ்டேஷன்ல சொல்லுங்க.

பாத்ரூமைத் தவிர்த்துட்டுப் பாத்தா மத்ததெல்லாம் அந்த எண்பத்திநாலாயிரத்துல பாதிகூட ஆகாது.

அப்போ கேமராவே வேண்டாமா?

வேணும். எட்டு வேண்டாம், மூணோ நாலோ போதும். கேட்டுல வர்ற முகம், வண்டி நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு, வாசல் களத்துக்கு ஒண்ணு, கொல்லைப்பக்கம் ஒண்ணு. அதோட உள்ள இருந்தே அமுக்கற பட்டனோட நல்ல சத்தமான சைரன், அந்தப் பட்டன் கட்டிலுக்குப் பக்கத்துல கை எட்டற தூரத்துல. ஒரு கிலோமீட்டர் சுத்தி யாருமே இல்லாத இடத்துல சைரன் கேட்டு யார் வருவாங்கன்னு தோணும், உங்களுக்குப் பெரியப்பா வீடு இருக்குங்கறதாலதான் இதைச் சொல்றேன்.

கேமரா இருந்தும் கோர்ட்டுல அது உதவாமப் போன கேஸ்கள்ல நான் திரும்பத் திரும்பப் பாக்கறது ஒரே மாதிரி கோளாறுதான். ரெக்கார்டரை டிவி ஸ்டாண்டு மேலேயே வெச்சிருப்பாங்க, நீலக் கலர்ல மின்னிட்டு இருக்கும், திருடன் போறப்ப அதையும் கழட்டிட்டுப் போயிருவான். இன்னொரு வீட்டுல ரெக்கார்டர் இருக்கும், ஆனா உள்ள இருக்கற சின்ன பேட்டரி போய் கரண்ட் கட் ஆகறப்ப எல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போயிருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில அந்தத் தேதியை ஒண்ணையே பிடிச்சுக்குவார். இன்னொரு இடத்துல லென்சுக்கு முன்னாடி சிலந்தி வலை கட்டியிருக்கும், ராத்திரி அகச்சிவப்பு லைட்டு பட்டு அந்த வலை மட்டும் வெள்ளையா பளபளன்னு தெரியும், பின்னாடி நடக்கற ஆள் நிழலாட்டம்கூடத் தெரியாது. அந்த லைட்டுக்குப் பூச்சி வர்றதும், அதைத் தின்ன பல்லி வர்றதும், ஆப்ல ராத்திரி பூரா அலாரம் அடிக்கறதும், கடைசியில வீட்டுக்காரங்க அலாரத்தையே ஆஃப் பண்ணி வைக்கறதும் தோட்டத்து வீட்டுல சர்வ சாதாரணம். வாரத்துக்கு ஒருக்கா நீளத் துடைப்பத்தால லென்ஸ் பக்கம் ஒரு தட்டு தட்டணும், அது யார் வேலைன்னு இப்பவே பேசி வைங்க.

அதனால ரெக்கார்டர் பூட்டின பீரோவுக்குள்ளயோ பரண்லயோ காத்து போற இடமாப் பாத்து மறைவா இருக்கட்டும். பதிவு குறைஞ்சது 30 நாள் நிக்கற ஹார்ட் டிஸ்க் கேளுங்க, ஏன்னா நோட்டம் பாக்க வர்றவன் ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே வந்துட்டுப் போயிருப்பான், அந்த முகம்தான் போலீசுக்கு வேணும். ரெக்கார்டருக்கும் நெட் மோடத்துக்கும் சேத்து யுபிஎஸ் வேணும். கேட்டு கேமரா மட்டும் 4ஜி சிம் போட்ட சோலார் கேமராவா இருந்தா கரண்ட், வைஃபை ரெண்டும் போனாலும் உங்க போனுக்குப் படம் வரும். அங்க எந்த நெட்வொர்க் எடுக்குதுன்னு மொதல்ல பாத்துட்டு சிம் வாங்குங்க. அப்பறம் புது சிசிடிவி கேமராக்களுக்கு சைபர் பாதுகாப்பு சோதனை கட்டாயம்னு மத்திய அரசு விதி 2025 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு வந்திருக்கு, பழைய ஸ்டாக்கைத் தள்ளி விடறாங்களான்னு பில்லுல மாடல் நம்பரோட எழுதி வாங்கிப் பாருங்க. மாட்டின பையன் போட்ட பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்திருங்க.

"வீடியோ ஒண்ணே போதும்"னு அவர் சொன்னதும் சரியில்ல. புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவுப்படி டிஜிட்டல் பதிவை சாட்சியாக் காட்டணும்னா அதோட ஒரு சான்றிதழ் வேணும், அந்தச் சாதனத்தைக் கையாள்றவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்பி, ஹாஷ் வேல்யூ, அதாவது அந்தப் பதிவை மாத்தலைன்னு காட்டற டிஜிட்டல் கைரேகை மாதிரி ஒரு எண், எழுதிக் கையெழுத்துப் போடணும். பழைய சாட்சியச் சட்டத்தோட 65பி பிரிவு இருந்தப்பவே, அசல் சாதனத்தையே கோர்ட்டுல காட்டலைன்னா சான்றிதழ் கட்டாயம்னு 2020-ல உச்ச நீதிமன்றம் உறுதியாச் சொல்லிருச்சு. இதெல்லாம் போலீஸ் பாத்துக்கற வேலைதான், ஆனா நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு: ஏதாவது நடந்துட்டா ரெக்கார்டரை நோண்டாதீங்க, வாட்ஸப்ல வெட்டி அனுப்பின துண்டை மட்டும் வெச்சுட்டு அசலை அழிய விடாதீங்க, டிஸ்க் மேல புதுப் பதிவு ஏறாம நிறுத்திட்டு மகஜர், அதாவது என்ன எடுத்தாங்கன்னு சாட்சியோட எழுதற பத்திரம், போட்டு போலீஸ்கிட்ட ஒப்படைங்க. புகாரை பெங்களூருல இருந்தே ஆன்லைன்லயும் குடுக்கலாம், புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸோட 173-வது பிரிவு அதுக்கு இடம் குடுக்குது, மூணு நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுறணும்.

படுக்கற ரூம் கேமரா, வேலியில கரண்ட்

ரெண்டும் வேண்டாம். படுக்கற ரூம்ல கேமரா வெக்கறது உங்க பாசத்துல வந்த யோசனைதான், புரியுது, ஆனா அம்மா சேலை மாத்தற இடம் அது. உங்க போன்லயும் அண்ணன் போன்லயும் கம்பெனியோட சர்வர்லயும் அது ஓடிட்டு இருக்கும். 2025-ல ராஜ்கோட்ல ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியோட கேமரா காட்சிகள் திருடுபோய் ஆன்லைன்ல விலைக்கே வந்துச்சு. பெத்தவங்களா இருந்தாலும் அவங்களை முழுசாக் கேக்காம அவங்க ரூம்ல கேமரா வெக்க உங்களுக்கு உரிமை இல்லைங்க அம்மிணி. விழுந்தா தெரியணும்னா கழுத்துலயோ கையிலயோ போட்டுக்கற அவசர பட்டன் இருக்கு, அதையே சைரனோடயும் இணைச்சுக்கலாம். வெளிக் கேமராவுக்கும் அப்பாகிட்ட நேர்ல உக்காந்து பேசுங்க, "உங்களை நாங்க பாக்கறதுக்கு இல்ல, யார் வர்றாங்கன்னு நீங்க பாக்கறதுக்கு"ன்னு சொல்லி அவர் கட்டில்ல இருந்தே பாக்கற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரீன் மாட்டுங்க. போனை நோண்டத் தெரியாதவர் ஸ்கிரீனைப் பாப்பார். ராத்திரி நாய் குரைச்சா வெளிய போய் பாக்கறதுக்குப் பதிலா இதுல பாக்கற பழக்கம் வந்துட்டா அதுவே பெரிய விஷயம்.

வேலியில வீட்டுக் கரண்டை நேராக் குடுக்கறது சட்டப்படி குற்றம், அப்பா மேல எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதைக் கண்டிப்பாச் சொல்றேன். செத்துப்போறது பெரும்பாலும் திருடன் இல்ல, காலையில மாடு ஓட்டிட்டு வர்றவங்க, பந்து எடுக்க வர்ற பையன், சில வீட்டுல சொந்த வீட்டு ஆளே. ஒரு உசுரு போச்சுன்னா ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டமான பிஎன்எஸ் 105-ல, அதாவது கொலையாகாத மரணம் விளைவிச்ச குற்றம்னு கேஸ் ஆகும், 74 வயசுல ஜாமீனுக்கு அலையணும். தற்காப்பு உரிமைன்னு அப்பா சொல்லுவார். ராத்திரியில வீட்டை உடைச்சு உள்ள வர்றவனைத் தடுக்க சட்டம் நிஜமாவே பெரிய உரிமை குடுத்திருக்கு, பிஎன்எஸ் 41-ஐப் படிச்சாத் தெரியும். ஆனா அது ஆபத்து கண்ணு முன்னாடி நிக்கறப்ப இருக்கற உரிமை. யார் வர்றாங்கன்னே தெரியாம கரண்டை விட்டுட்டு நாம தூங்கப் போனா அந்தப் பிரிவு காப்பாத்தாது.

நகையும் இன்சூரன்ஸும்

22 பவுன் பீரோவுல இருக்குன்னு எழுதியிருக்கீங்க. வீட்டுல நகை இருக்கறது யாருக்கும் தெரியாதுன்னு அம்மா சொல்றாங்களாம். தேங்காய் போட வர்றவங்க, கல்யாண வீட்டுல பாத்தவங்க, பழைய வேலைக்காரங்கன்னு பாத்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். தாலிக்கொடி, கம்மல் தவிர மீதியை பேங்க் லாக்கர்ல வைங்க. லாக்கர்ல வெச்சா பேங்க் முழுப் பொறுப்புன்னு நினைச்சுராதீங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி, 2022 ஜனவரியில இருந்து, தீ, திருட்டு, ஊழியர் மோசடி மாதிரி காரணத்துக்கு பேங்க் குடுக்கற இழப்பீடு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான். வாடகை 2,000 ரூபான்னா அதிகபட்சம் 2 லட்சம். இருந்தாலும் அங்க வைக்கறதுதான் சரி, ஏன்னா நகை வீட்டுல இல்லைன்னா ஆளுங்க உசுருக்கு ஆபத்து குறையும்.

கேமரா வெச்சா இன்சூரன்ஸ் தானா வந்துராது. பாரத் கிரஹ ரக்ஷான்னு 2021-ல இருந்து எல்லாக் கம்பெனியும் விக்கற வீட்டுப் பாலிசி தீ, புயல், வெள்ளம் மாதிரி விஷயத்துக்குத்தான், அந்த மாதிரி ஒண்ணு நடந்து ஏழு நாளைக்குள்ள அதனால ஆன திருட்டுக்கு மட்டும் அதுல இடம் இருக்கு. சாதாரணத் திருட்டுக்கு பர்க்லரி பாலிசின்னு திருட்டுக்கான பாலிசி தனியா எடுக்கணும், நகைக்கு அதுலயும் தனியாப் பட்டியல் குடுக்கணும். பாலிசியில "பலவந்தமா நுழைஞ்சிருக்கணும்"னு நிபந்தனை இருந்தா பூட்டு உடைஞ்ச அடையாளம் இல்லாம கிளைம் நிக்காதுன்னு 2004-லயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வைக்கற பழக்கம் இருந்தா அதை விட்டுருங்க.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி

இந்த 36 மாசக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நான் குடுக்க மாட்டேன், உங்களையும் குடுக்க வேண்டாம்னுதான் சொல்வேன். போன் பண்றதுக்கு மட்டும் அம்பதாயிரம் ரூபா. கேமராவே நேரா உங்க போனுக்கு அலர்ட் அனுப்புது. ராத்திரி நீங்க போனை எடுக்கறது சந்தேகம்னா, உள்ளூர்லயே நேர்ல ஆள் வர்ற சேவை லைசென்ஸோட யாராவது குடுத்தா அதுக்கு மாசம் 1,400 குடுக்கறது நியாயம், அப்படி ஒண்ணு உங்க ஏரியாவுல இருக்கான்னு விசாரிங்க.

அந்த ஒப்பந்தத்துல 11-வது ஷரத்து, நடுவுல நிறுத்தினா மீதி மாசக் காசு மொத்தமும் கட்டணும்ங்கறது. 14-வது ஷரத்து, சிஸ்டம் வேலை செய்யாம நஷ்டம் ஆனா ஒரு மாசக் கட்டணத்துக்கு மேல பொறுப்பில்லைங்கறது. நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருத்தம் இல்லாத அபராதம் போடறதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற ஒப்பந்தம்னு சொல்லுது, 2(46) பிரிவு. ஆனா அதை எதிர்த்துப் போகணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல முடியாது, மாநில ஆணையத்துக்குப் போகணும், அவ்வளவு அலைச்சல் எதுக்கு, இப்பவே அடிச்சுத் திருத்தச் சொல்லுங்க, மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க. பிடிக்கலைன்னா பத்து நாள்ல திருப்பிக் குடுத்துரலாம்னு எல்லா விற்பனைக்கும் பொதுவான சட்டம் நம்ம நாட்டுல இல்ல. பழுதான பொருளா இருந்தா மட்டும், பில்லுல வேற கெடு போடலைன்னா 30 நாளைக்குள்ள திரும்ப எடுத்துட்டுப் பணம் தர மறுக்கறது முறையற்ற வணிகம். அதுக்குப் புகார் வீட்டுல இருந்தே ஆன்லைன்ல போடலாம், நீங்க இருக்கற ஊர் ஆணையத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கும் முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி நம்பர் 1915-க்கு ஒரு போன் பண்ணிப் பாருங்க, பாதி விஷயம் அங்கயே தீந்துரும்.

மாட்டறது யாரா இருந்தாலும் ஜிஎஸ்டி பில்லு, மாடல் நம்பர், வாரண்டி எத்தனை வருஷம், கம்ப்ளெய்ன்ட் சொன்னா எத்தனை மணி நேரத்துல ஆள் வரும், இந்த நாலும் எழுத்துல வேணும். உங்க ஊருக்குப் பக்கத்து டவுன்ல கடை வெச்சிருக்கற ஆளா இருந்தா நல்லது, இடி விழுந்து கேமரா போயிருச்சுன்னா அடுத்த நாளே வந்து நிப்பார். மாட்டி முடிச்ச அன்னைக்கு ராத்திரி மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு கேட்டுல யாரையாவது நடக்கச் சொல்லி, பெங்களூருல உங்க போன்ல முகம் தெரியுதான்னு பாருங்க, அப்பாவை சைரன் பட்டனை அமுக்கச் சொல்லி பெரியம்மா வீட்டுல கேக்குதான்னு கேளுங்க. அதுக்கப்பறம்தான் மீதிப் பணத்தைக் குடுக்கணும்.